ஓடையில் தண்ணீர் வந்த நாள்

இன்று மத்தியானம் ஆம்பூரில் நல்ல மழை. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது, மழையோடு சேர்ந்து எழும் தோல் கழிவின் வாடை மூக்கில் ஏறியது. முப்பது வருடம் தோல் தொழிற்சாலையில் இருந்தவனுக்குப் பழகிய வாடைதான். ஆனால் அங்கே நிற்க முடியாமல் பாதித் துணியோடு இறங்கி வந்துவிட்டேன். சாகும்வரை நீ என்னை நம்பினாய். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. பிறகு நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனேன். நீ உன் ஊரில் தென்னையும் மாடுகளுமாக இருந்தாய். பாலாறு மணலாகவே கிடக்கும் நம் பக்கத்தில் வருடத்துக்கு நாலு நல்ல மழை வந்தால் பெரிது. அந்தத் தண்ணீரை உங்கள் ஏரிக்குக் கொண்டுவரும் ஓடை, சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் தோல் துண்டுகளுமாகத் தூர்ந்து கிடந்தது. நீ வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாய். "மேல பெய்றது கீழ வந்து சேரணும் தோஸ்து, அவ்ளோதான்" என்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து மண் சுமந்தேன். உன் மனைவி எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள்.

அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் கழிவுநீர்த் தொட்டி தளும்பி நின்றது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் பம்பு இரண்டு நாளாகப் பழுது.

"ஷட்டரத் தெறந்து வுட்ரு. மழையோட மழையா போய்டும், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேனேஜர்.

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையால் திறந்துவிட்டேன். அது மழைநீர்க் கால்வாயில் இறங்கியது. கால்வாய் போய்ச் சேருவது உன் ஓடையில்.

கையின் ஈரம் காய்வதற்குள் நீ போன் செய்தாய்.

"தோஸ்து! தண்ணி வருதுடா! நீ மண்ணு வாரின எடத்துலதான் மொதல்ல பூந்து ஓடுது. மாட்டயெல்லாம் ஏரிக்கு ஓட்டினு போவச் சொல்லிட்டேன்!"

நான் திறந்துவிட்டது உன் ஊரை எட்ட இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அது எனக்குத் தெரியும். "மாட்ட வுடாதடா" என்று ஒரு வார்த்தை போதும். "ரொம்ப சந்தோஷம்டா" என்றேன்.

சாயங்காலம் ஏரியில் நுரை மிதந்தது. மறுநாள் உன் சினைப்பசு செத்தது. நீ பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாய். டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய்.

"உங்க கம்பெனியாடா?"

"எங்களுது இல்லடா. மேல வேற யாராச்சும் இருக்கும்."

நீ தலையாட்டினாய். ஊர் கூடி மனு எழுதியபோது எங்கள் தொழிற்சாலையின் பெயரை நீயே சொல்லி நீக்க வைத்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன வருடம் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய். வேலையில் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு உன் மனைவி சொன்னாள்:

"அன்னிக்கி மாட்ட ஓட்டினு போனது நான்தாண்ணா. நுரை வந்துச்சே, உனக்குக் கண்ணு இல்லியான்னு அவரு கடைசி வரிக்கும் என்னத்தான் திட்டினாரு. நானும் என் தப்புன்னே இருந்துட்டேன்."

நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் எழுந்தேன். வாசலில் அவளே சொன்னாள்: "என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? ஊர்ல வந்து சொல்லுங்க."

சொன்னேன். ஊர்க்கூட்டத்தில் நின்று சொல்லி, புதிதாக எழுதிய மனுவில் கையெழுத்தும் போட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை. நம் வகுப்பில் படித்தவர்கள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பசு செத்தது உன் மனைவியால் அல்ல என்று, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஊருக்கே சொல்லியாகிவிட்டது. உனக்குத்தான் சொல்ல முடியவில்லை. நீ அவளைக் கோபித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாய்.