மூடியில்லாத டப்பா

வியாழக்கிழமை

எங்கள் தொழிற்சாலையில் அசிட்டோனைத் திருடியவர் சூப்பர்வைசர்தான். நேரம் மிச்சமாகும், டப்பாவை மூடாதீர்கள் என்றவர் அவர். அளவு குறைந்ததும், அதைத் தொட்டுப் பாகங்களைத் துடைக்கிற மண்ணூர் மேரியக்காவை "திருடி" என்றார். நாளை முதல் வராதே என்றும் சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் இரும்புத் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு அசிட்டோனும் விட்டேன். "பாத்துக்கினே இருங்க சார்." அசிட்டோன் கண்ணெதிரே காணாமல் போனது. தண்ணீர் அப்படியே நின்றது.

"தண்ணியோட மூலக்கூறு ஒண்ணையொண்ணு கெட்டியா புடிச்சுக்கினு கீது சார். அசிட்டோன்ல புடி லேசு. தொறந்து வெச்சா பறந்துடும்."

"திருடன் காத்துல போறான், ஓடிப்போய்ப் புடிங்க சார்!" என்றார் மேரியக்கா. லைனில் வேலை செய்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"சரி, நாளைக்கு வா" என்று சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்து முணுமுணுத்தார்.

"அக்காகிட்ட மன்னிப்பு கேளுங்க சார்" என்றேன். அவர் குனிந்து டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.