இடது கால் பெருவிரல்

என் அன்புக்குரிய சூசை மாப்பிள்ளைக்கு,

வருகிற ஆகஸ்டோடு நீங்கள் போய் ஐந்து வருடம் ஆகிறது. பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி லூர்து கேட்டாள். என் தங்கை என்னிடம் எதையும் கேட்பவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அவரு கோயில்ல பாடுனது, தோட்டம் போட்டது எல்லாம் எழுதுங்கண்ணே. மரத்துல ஏறச் சொன்னது நான்தான்னும் எழுதிருங்க. மறைக்க வேணாம்," என்றாள்.

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் பாடியதை எழுத முடிகிறது. அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. நீங்கள் படுக்கையில் விழுந்ததற்குத் தானே காரணம் என்று பன்னிரண்டு வருடமாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதனால்தான் ஊருக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். ஊர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் இங்குள்ள சேதி. செண்பகனூர் ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அப்படியேதான் இருக்கிறது. கொடைக்கானலில் டிவிக்காகப் பெரிய கோபுரம் கட்டுகிறார்கள். நீங்கள் இருந்தால் தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவீர்கள். அந்தப் பேரிக்காய் மரம் இன்னும் காய்க்கிறது. லூர்து பறிப்பதில்லை. கீழே விழுந்ததை மாடு தின்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் ஒரு முறையாவது முழுதாகப் பேசியிருக்கிறோமா? இல்லை. நான் பேசவிடவில்லை.

பூசை முடிந்து உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். "உச்சிக் கொப்புல நாலு பழுத்துக் கெடக்கு. வெரசா பறிச்சுட்டு இறங்குங்க, அண்ணனுக்குக் குடுத்துவிடணும்," என்று லூர்து சொன்னாள். ஏறினீர்கள். கொப்பு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நீங்கள் புல்லில் மல்லாந்து கிடந்தீர்கள்.

"வாத்தியார் மச்சான், காய் நசுங்கிருச்சா பாருங்க. உங்களுக்காக உங்க தங்கச்சி என்னைய மேலோகத்துக்கே ஏத்திவிடப் பாத்தா," என்றீர்கள். வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள். அவள் காதிலும் விழுந்தது.

அவள் ஆள் கூப்பிட ஓடினாள். நான் உங்கள் கால்மாட்டில் நின்றேன். "கால் ரெண்டும் விறுவிறுங்குது மச்சான்," என்றீர்கள். அப்போது பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறுங்கள், முறையாகச் சொல்லி வருகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வராது.

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். எலும்பு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. எலும்பு முறிந்த பிறகும் அது தப்பியிருக்கலாம். அப்படி அடிபட்டவரை மடக்கக் கூடாது, உட்கார வைக்கக் கூடாது. பலகையில் மட்டமாகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும். முதலுதவி வகுப்பில் வருடா வருடம் இதைச் சொல்லி, பரீட்சையில் கேட்டு, மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்.

கீழே ஊரிலிருந்து காப்பிக்கொட்டை சுமந்து வந்த நான்கு பேரை லூர்து அழைத்து வந்தாள். ரோடு இல்லாத நம் சரிவுகளில் நோயாளியைத் தூக்குவது டோலியில்தானே? கம்பளியின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பில் கட்டினார்கள். அதில் ஆள் வில்லாக வளைந்துதான் கிடக்க முடியும். எத்தனையோ பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் உதவிய டோலி அது. அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"பலகை இருந்தா..." என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர்களில் மூத்தவர் கருப்பையா திரும்பிப் பார்த்தார். "பலகைக்கு இந்நேரம் எங்க சார் போறது? மழை கட்டிக்கிட்டு வருது. நீங்க சித்த ஒதுங்கி நில்லுங்க. ஏலே, கால்மாட்டப் பிடி!"

ஒதுங்கி நின்றேன். பத்தடி தள்ளி உங்கள் மாட்டுக்கொட்டகையின் கதவு இருந்தது. ஒரே பலகைக் கதவு. மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்றுவிடும் என்று அந்த நிமிஷமே மனதுக்குள் கணக்குப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் அவசரப்படும்போது நான் சொல்வது தவறாக இருந்துவிட்டால்? வாத்தியார் வேலை காட்டுகிறார் என்று சிரித்துவிட்டால்? அக்குளில் ஒருவரும் முழங்காலில் ஒருவருமாகப் பிடித்து, உங்களை உட்கார்த்தி, மடக்கி, கம்பளிக்குள் இறக்கினார்கள்.

மூன்றாவது வளைவில் முன்னால் சுமந்தவருக்குக் கால் சறுக்கியது. கம்பளி தாழ்ந்து எழுந்தது. நீங்கள் ஒரே ஒரு முறை கத்தினீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, "மச்சான், என் காலப் போத்திவிட்டாங்களா? ஒன்னும் தெரியலையே," என்றீர்கள். உங்கள் இரண்டு பாதங்களும் கம்பளிக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "விழுந்த உடனே கால் அசைஞ்சுதா? யாராவது பாத்தீங்களா?" லூர்து என் முகத்தைப் பார்த்தாள். "கவனிக்கலைங்க டாக்டர்," என்றேன். "அப்ப விழுந்தப்பவே போயிருக்கும்," என்று அவர் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதை லூர்து தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். அன்று முதல் ஒவ்வொரு தவக்காலத்திலும் இதே பாவத்தைத்தான் அறிக்கையிடுகிறாள். சாமியாரே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

அதன் பிறகு ஏழு வருடம் சனிக்கிழமைதோறும் உங்களிடம் வந்தேன். பஞ்சும் ஊசியும் கொண்டு வருவேன். பஞ்சு தொடும் சேதி தண்டுவடத்தில் ஒரு வழியாகவும், ஊசி குத்தும் சேதி வேறொரு வழியாகவும் மேலே போகிறது. ஒன்று அடைபட்டாலும் மற்றது திறந்திருக்காதா என்ற ஆசை. தொப்புள்வரை தெரியும், அதற்குக் கீழே எதுவும் தெரியாது. மை வைத்துக் கோடு போட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். கோடு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"தபாலாபீச மூடிட்டுப் போய்ட்டாங்க மச்சான். நீங்க வாராவாரம் வந்து தபால் போட்டுக்கிட்டே இருக்கீங்க," என்று சிரித்தீர்கள். சிரிக்க வைக்கும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் விழுந்து சில வாரம் கழித்து ஒரு நாள் போர்வைக்குள் உங்கள் கால் துள்ளியது. லூர்து மெழுகுவத்தி ஏற்ற ஓடினாள். அவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் மட்டும் தவளையைப் பற்றிச் சொன்னேன். தலையை நீக்கிய தவளையின் காலில் அமிலம் பட்டால் அது காலை இழுத்துக்கொள்ளும். மூளையைக் கேட்காமல் தண்டுவடமே தரும் பதில் அது, குணமாவதற்கு அடையாளம் இல்லை என்றேன். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"அன்னைக்கு மரத்தடியில என் கால் அசைஞ்ச மாதிரி இருந்துச்சே. நீங்க கால்மாட்டுலதான நின்னீங்க. பாத்தீங்களா?"

"இல்ல மாப்பிள்ளை," என்றேன்.

"பாக்கலைன்னா சரி," என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டேதான் என்னை விட்டுவிட்டீர்களா? படுக்கைப்புண்ணும் சிறுநீரகக் காய்ச்சலுமாகக் கடைசி மாதம் நினைவு தப்பியபோதுகூட நீங்கள் மறுபடி கேட்கவில்லை.

எனக்கும் அந்தத் தவளைதான் கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது. நான் பார்த்ததும் அப்படி ஒரு வெறும் துள்ளல்தான் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு டாக்டரிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தேன். தண்டுவடம் அறுபட்டால் அதற்குக் கீழே முதல் சில நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில், எல்லாமே அடங்கிவிடுமாம். துள்ளல் அதற்குப் பிறகுதான் வருமாம். அப்படியானால் விழுந்த ஐந்தாம் நிமிஷத்தில், நீங்கள் விறுவிறுக்கிறது என்று சொல்லும்போது அசைந்த விரலை அசைத்தது யார்? நீங்கள்தான் மாப்பிள்ளை.

டோலியில் மடக்கியதால்தான் போயிற்று என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மட்டமாகத் தூக்கியிருந்தாலும் உள்ளே வீக்கம் ஏறிப் போயிருக்கலாம் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. ஆனால் மரத்தடியில் எல்லாம் முடிந்துவிடவில்லை. அது நிச்சயம்.

போன வாரம் அந்த மாட்டுக்கொட்டகைக் கதவைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அறுபத்தொன்பது வயதில், என் இந்தக் கைகளுக்கு, கழன்று வந்துவிட்டது. "என்னண்ணே செய்றீங்க?" என்று லூர்து அடுப்படியிலிருந்து கேட்டாள். "கீல் எப்படி இருக்குன்னு பாத்தேன்மா," என்றேன். இன்னொரு பொய்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆமாம், அசைந்தது. இடது கால் பெருவிரல். மேலே போய்க் கீழே வந்தது. பிறகு இன்னொரு முறை. நான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு இறங்கிப் போய் இந்தக் கடிதத்தை லூர்துவுக்கு வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகுதான் மலருக்குக் கொடுப்பேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லலாம். சாகும்வரை பேசாமல் இருக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என் தைரியத்தை நானே நம்புவதில்லை என்பதால் உங்களுக்கு ஓர் அடையாளம் தருகிறேன்: இது அச்சில் வந்திருந்தால், அவளிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். வராவிட்டால், இந்த முறையும் நான் ஒதுங்கி நின்றுவிட்டேன்.

உங்கள் கால்மாட்டில் நின்ற மச்சான்,
லூர்துவின் அண்ணன்,
அருளப்பன்