துலக்கக் கூடாத மெடல்

ஜோகூர் பாரு,
ஜூலை 31

அம்மாவுக்கு கோமளாவோட வணக்கம். மூட்டு வலி எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா குரல் காட்டிக் கொடுத்துடும், அதான் எழுதறேன்.

நான் பாத்துக்கிற சந்தனசாமி அங்கிள் ஏர்ஃபோர்ஸ்ல ஹெலிகாப்டர் ஓட்டினவருன்னு சொன்னேன்ல? காட்டுச் சண்டையில அடிபட்ட சிப்பாய்ங்களை, சுடறப்பவே இறங்கித் தூக்கிட்டு வந்தவரு. அதுக்கெல்லாம் அஞ்சு மெடல். இன்னிக்கு வீரர் தினத்துக்குப் போட்டுக்க நாலைத் துடைச்சு வெச்சிருந்தாரு. ஒண்ணு மட்டும் கறுத்துக் கிடந்துச்சு. மறந்துட்டாருன்னு நெனச்சு, போன வெள்ளிக்கிழமை என் விளக்கோட அதையும் புளி போட்டுத் துலக்கிட்டேன்.

பாத்துட்டு அதைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "இதை எதுக்குக் கொடுத்தாங்களோ, அன்னிக்கு மூணு பேரைத் தூக்கிட்டேம்மா. நாலாவது ஆளுக்குத் திரும்பிப் போறதுக்குள்ள மேகம் மூடிடுச்சு. அதான் இதை நான் துடைக்கறதே இல்ல."

சிப்பாயா இருந்த அப்பா காட்டுல அடிபட்டுக் கிடந்தப்ப ஹெலிகாப்டர் வரலன்னு அந்த பைலட்டை நாப்பது வருஷமா திட்டறீங்க. எந்தக் காடு, எந்த வருஷம்னு நான் அவர்கிட்ட கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

குலிம்லேருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து விடுங்க. கடையில வாங்கறது நம்ம வீட்டு ருசி இல்ல.

அங்கிள் கூப்பிடறாரு. விரல் நடுங்குது அவருக்கு, நான்தான் மெடல் குத்தி விடணும். இனிமே அப்பா படத்துக்கு விளக்கு வைக்கறப்ப அந்த பைலட்டைத் திட்டாதீங்கம்மா.

உங்க கோமளா