இன்னும் ஓரடி

பிஸ்தோயா, 1298 ஏப்ரல் 3

அன்புள்ள அர்ரீகோ அண்ணாவுக்கு,

நம் தம்பி நூட்டோவைக் கொன்றுவிட்டார்கள். பட்டப்பகலில், மீன்சந்தையில், அந்தப் பழைய குடும்பப் பகைக்காக, பாந்தினோவும் அவன் ஆட்களும். முதலில் வலது கையை வெட்டினார்கள். நூட்டோ கத்தியை உருவவே இல்லையாம். நீ எழுதின பாட்டைத்தான் சொன்னானாம்: "ஓங்கிய கையைத் தாழ்த்துகிறவனே கைக்கு எஜமான்."

பாந்தினோ சிரித்தான். "உங்கண்ணன் பாட்டா? இன்னும் ஓரடி சொல்லுடா!" என்று தொண்டையில் கத்தியை இறக்கினான்.

மாணவர்களுக்குப் பாடம் நடத்தினது போதும். ரத்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். வா.

உன் தங்கை,
கிசோலா

பொலோன்யா, ஏப்ரல் 15

கிசோலா கண்ணு,

அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் வரமாட்டேன். பாந்தினோவை நான் வெட்டினால், அவன் அண்ணன்மார் உன் புருஷன் லூத்தோவை வெட்டுவார்கள். அந்தப் பாட்டை நான் கைதட்டலுக்காக எழுதவில்லையம்மா. சட்டையைப் புதைத்துவிடு. சமாதானம் பேசு.

அண்ணன்,
அர்ரீகோ

பிஸ்தோயா, மே 20

அன்புள்ள அண்ணா,

உன்னைப் பேடி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். போன வாரம் பாந்தினோவின் அம்மா வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றாள். "இன்னும் எத்தனை பேரைப் பெத்துக் குடுக்கணும், சொல்லும்மா" என்றாள்.

நேற்று ஆலயத்தில், ஊரார் முன்னால், பாந்தினோவும் நானும் சமாதான முத்தம் கொடுத்துக்கொண்டோம். அவன் அழுதான். நான் வெளியே வந்து வாந்தி எடுத்தேன். சட்டையைப் புதைத்தாயிற்று. நீ சொன்னதுதான் சரி. அத்தி பழுக்கும்போது வந்து நாலு நாள் இரு.

கிசோலா

மலைச் சத்திரம், மே 28

கிசோலா,

உன் கடிதம் பொலோன்யா போகும் வழியில், நேற்றுதான் இங்கே என் கையில் கிடைத்தது. ஒரு நாள் பிந்திவிட்டது.

"இன்னும் ஓரடி" என்ற பேச்சு பொலோன்யாவுக்கும் வந்துவிட்டது. வகுப்பில் ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே கத்தியோடு கிளம்பினேன். தம்பிக்காக அல்ல. அந்தச் சிரிப்புக்காக.

முந்தாநாள், நம் ஊருக்கு வெளியே பாலத்தில் பாந்தினோ தனியாக வந்தான். என்னைக் கண்டதும் கழுதையிலிருந்து குதித்து, கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "அர்ரீகோ அண்ணே! கிசோலா சொல்லலையா?"

குத்தினேன். ஏழு குத்து. ஐந்தாவது குத்து வரைக்கும் "சொல்லலையா, சொல்லலையா" என்றே கேட்டான்.

லூத்தோவை எங்காவது அனுப்பிவிடு. உடனே.

அர்ரீகோ

பிஸ்தோயா, ஜூன் 6

அர்ரீகோவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டார்கள். லூத்தோவை எங்கள் வாசற்படியிலேயே கோடாலியால் பிளந்தார்கள். உடம்பைக் கழுவ எனக்குத் துணைக்கு வந்தவள் பாந்தினோவின் அம்மா ஒருத்திதான்.

உன் பாட்டை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டில் பிழையில்லை. யார் எழுதினதம்மா என்று கேட்டாள். செத்துப்போன யாரோ என்றேன்.

பதில் எழுதாதே.

கிசோலா