பிள்ளையார் சுழி போட்ட ஃபைல்கள்

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அப்பா எழுதுவது. மட்டாஞ்சேரியில் நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடவும் செய்கிறேன். லாட்வியாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவோட சிஸ்டத்தைத் தொடாதீங்கப்பா, அவங்க விட்டுட்டுப் போனபடியே இருக்கட்டும் என்று போனில் சொல்லி அழுதாய். அதனால்தான் எழுதுகிறேன். தொட்டுவிட்டேன் அம்மு. கோபப்படாமல் முழுசும் படி.

அதனுடைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் உடனே வேறு மெஷினுக்கு மாற்றிவிடுவோம், காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. அம்மா டிசைன் செய்து கொடுத்த கல்யாணப் பத்திரிகை, மசாலா பாக்கெட் லேபிள், உனக்காகச் செய்தது எல்லாம் அதற்குள்தான். இதற்கு நடுவில் வெங்கிடாசலம் அண்ணாச்சி வேறு மசாலாக் கடையிலிருந்து வந்து நின்றார், தம்பி, பொன்மணி இருந்திருந்தா இந்நேரம் என்னை ரெண்டு ஏச்சு ஏசிட்டு லேபிளை முடிச்சுத் தந்திருக்கும் என்றார். எர்ணாகுளம் பிராட்வேயில் புது சிஸ்டம் வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

இந்த வேலை எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆனாலும் புத்தி எங்கே இருந்ததோ, டிசைன் ஃபைல்களை எல்லாம் தேடச் சொல்லி மொத்தமாக அள்ளி ஒரே ஃபோல்டரில் போட்டேன். அம்மா வழக்கம் உனக்குத் தெரியுமே. ஆளுக்கொரு ஃபோல்டர் போடுவாள், உள்ளே இருக்கிற ஃபைலுக்குப் பேர் வெறும் உ. பிள்ளையார் சுழிக்கு அப்புறம் அவள் வேறு பேர் வைத்ததே இல்லை. நான் கேலி பண்ணினால், உங்க கம்ப்யூட்டருக்குச் சாமி இல்லேன்னா அதுக்கு நானா பொறுப்பு என்பாள். இதே பேரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, மாற்றட்டுமா என்று சிஸ்டம் கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கிவிட்டேன். ஒன்றை அழித்து அதன் மேலேயே இன்னொன்று உட்கார்ந்து, கடைசியில் புது சிஸ்டத்தில் ஒரே ஒரு உ மிஞ்சியது. உடனே பழைய சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை பழையதில் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த டிஸ்க் இன்னொரு தடவை தாங்குமா என்பதுதான் கேள்வி. கும்பளங்கியிலிருந்து மீன் கொண்டுவந்த பாக்கியம் அத்தை, எடா ஆனந்தா, மெஷினையே பாத்துக்கிட்டிருந்தா அவ எழுந்து வந்துருவாளா, வந்து சோறு தின்னு என்று கத்தினாள். முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். கறுப்புச் சாயா மட்டும் வைத்துத் தந்தாள்.

டிஸ்க் எப்போது நிற்கும் என்று தெரியாததால் எதை முதலில் எடுப்பது என்று நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. உன் பேர் போட்ட ஃபோல்டரை முதலில் எடுத்தேன், அது முழுசாக வந்துவிட்டது. பிறகு அம்மாவுடைய செட்டிங்ஸ், எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தது, இடது கைக்கு மாற்றிய மவுஸ், எல்லாம் வந்துவிட்டது. அடுத்தது அண்ணாச்சி, அதன் பின் மற்ற கஸ்டமர்கள், ஒவ்வொரு ஃபோல்டராக, எதையும் கலக்காமல். கடைசியில் ஒன்றுதான் பாக்கி, என் பேர் போட்டது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதைச் சாவகாசமாகத் திறந்து பார்க்கலாம் என்று கடைசிக்கு வைத்தேன். அதைக் காப்பி போட்டபோது டிஸ்க் நின்றுவிட்டது, பிறகு எழுந்திருக்கவில்லை.

எர்ணாகுளத்தில் இப்படி நின்றுபோன டிஸ்கைத் திறந்து எடுத்துக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. போனில் கேட்டதற்கு, சேட்டா, உறப்பு பறயான் பற்றில்லா என்றான், உறுதி சொல்ல முடியாதாம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன், கொண்டுபோகிறேன். அவனால் முடியாவிட்டால் சென்னைக்குப் போவேன். அதில் வெறும் பில்தான் இருந்தாலும் சரி, எனக்கு அது வேண்டும்.

அம்மா எங்கே இருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்வாள், படிப்பு உனக்கு நல்லபடியாகக் கைகூடும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உன் போனில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் அதை வேறு ஒரு இடத்தில் காப்பி எடு. நாளைக்கு என்று வைக்காதே.

உன் அப்பா,
ஆனந்தகுமார்