ஊக்கில்லாத முக்காடு

கோபம் இன்னும் ஆறாத கையோடு, என் ஜமீலாக்காவுக்கு,

இன்றைக்கு உன் பெயருக்காக ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஊட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக உங்க அத்தா கடைக்கு வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தா டீ வாங்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வியாபாரத்தைப் பார்க்கிறார். என் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்.

உனக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்வேன், சலித்துக்கொள்ளாதே. இதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் மலையில் எங்கே தோண்டினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. உயிர்கள் பெருகுவதற்கு முன்பே வெந்து இறுகிப்போன கருங்கல் இது. அதனால்தான் செம்மநத்தம் கிராமத்துக்காரி நானும் கடைக்காரர் மகள் நீயும் கீழே இறங்கி, அரியலூர்ச் சுண்ணாம்புப் பள்ளங்களுக்குப் போனோம். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. டைனோசர்கள் ஒழிந்த அதே காலத்தில்தான் அம்மோனைட் என்ற சுருள்சிப்பி உயிர்களும் ஒழிந்தன. அந்தப் பள்ளத்துச் சுவரில் ஒரு மட்டம் வரை அவை இருக்கின்றன, அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. அந்தப் பேரழிவு நடந்த காலம் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது என்று நீ சொன்னாய். நாம் ஆராய்ச்சி செய்த நிலவியல் துறையில் எல்லோரும் சிரித்தார்கள். மலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். ஞாபகம் இருக்கிறதா?

கல்லுக்குள் இருக்கிற காந்தம்தான் உன் சாட்சி. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடலடியில் சேறு படியும்போது, அதிலிருக்கும் இரும்புத் துகள்கள் அன்றைய திசையைப் பார்த்தே படுத்து இறுகிவிடும். பேரழிவு நடந்தது, திசை தலைகீழாக இருந்த ஒரு காலத்தில். ஆகவே கல்லைப் பெயர்க்கும் முன்பே அதன்மேல் வடக்கையும் மேல்பக்கத்தையும் அம்புக்குறி போட்டாக வேண்டும். குறி தப்பினால் கல் வெறும் கல்தான்.

முதல் நாளே தப்பியது. காம்பஸைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் முள் ஆடியது. சாயங்காலம்தான் உனக்கு உறைத்தது: உன் முக்காட்டில் குத்தியிருந்த இரும்பு ஊக்குகள். "பழனி, இன்னிக்கி எடுத்ததெல்லாம் போச்சு. தூக்கிப் போட்ரு," என்றாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ மறுநாள் முக்காட்டை வெள்ளை நூலால் தைத்துக்கொண்டு வந்து நின்றாய். சுத்தியலைத் தூரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தோம். அந்த ஊக்குக் கதையைத் துறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவளும் நீதான். மறைக்கத் தெரியாதவள் நீ.

எடுத்ததும் அளந்தபோது எல்லாம் வடக்கையே காட்டின. "அவ்வளவுதான், கதை முடிஞ்சது," என்றார்கள். இது மேலே படிந்த இன்றைய காந்தம், சூடேற்றினால் கழன்றுவிடும், அடியில் இருக்கும் பழையதைப் பார்க்கணும் என்று நீ மன்றாடினாய். அதற்கான அடுப்பு நம்மிடம் இல்லை. அதற்குள் மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கேள் அக்கா. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் கெஞ்சிக் கேட்டு, உன் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, ஆறவைத்து ஆறவைத்து அளந்தேன். வடக்கு கழன்றது. அடியிலிருந்து தெற்கு வந்தது. உன் மட்டத்துக் கற்கள் எல்லாமே தலைகீழ்! அந்த அறையில் தனியாக நின்று உன்னைக் கூப்பிட்டேன், தெரியுமா?

இரிடியம் மட்டும் கைவிட்டுவிட்டது. அந்தப் பேரழிவைக் கொண்டுவந்ததாகச் சொல்லும் விண்கல்லில் நிறைய இருக்கும், பூமியின் மேற்பரப்பில் மிகமிகக் குறைவாக இருக்கும் அந்த உலோகம், வெளிநாடுகளில் இதே காலத்துக் களிமண்ணில் அளவுக்கு மேல் கிடைத்தது. நம் களிமண்ணில் இல்லை. அந்த மெல்லிய படிவை அன்றைய கடலே அரித்துக்கொண்டு போயிருக்கலாம். இல்லை என்றால் இல்லை என்று எழுது என்பாய். அப்படியே எழுதியிருக்கிறேன்.

சண்டை வந்தது அதனால் அல்ல. ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டிருந்தேன். துறைத்தலைவர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"செத்தவங்க பேரு எதுக்கும்மா? யாராவது கேள்வி கேட்டா வந்து பதில் சொல்லுவாங்களா? போதாததுக்கு ஊக்கு வச்சுக்கிட்டு காம்பஸ் பாத்த பொண்ணு. அந்த அம்புக்குறியை எவன் நம்புவான்?"

நீ சிரித்துச் சொன்ன கதையை எடுத்து உன்மேலேயே எறிந்தார். நான் விடவில்லை.

"ஏனுங்க ஐயா, ஊக்கு முள்ளைக் கொஞ்சம் ஆட்டுமுங்க. தெக்கை வடக்காக்குமுங்களா? அன்னிக்கி எடுத்த கல்லை அவங்களே தூக்கிப் போட்டாங்க. அப்புறம் நூல்ல தெச்சுக்கிட்டுத்தானுங்க வந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்."

"அது இருக்கட்டும். இறந்தவங்க பேரு வேண்டாம்."

"நாம பாக்கற உசுரு எல்லாமே செத்ததுதானுங்களே! செத்த நத்தைக்கெல்லாம் லத்தீன்ல பேரு வெக்கறோமுங்க. இவங்களுக்கு ஒரு பேரு கூடாதுங்களா?"

உன் பெயர் இருந்தால் கட்டுரை துறை வழியாகப் போகாது, உன் மிச்சக் கற்களையும் உடனே காலி செய்யணும் என்றார். சரிங்க என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குப்பனூர் வழி பஸ்ஸில் கண்டக்டர், "ஏனுங்க, கல்லுக்கும் லக்கேஜ் போடணுமுங்களா?" என்று சிரித்தார். போடுங்க என்றேன்.

பெட்டிகளை அத்தா மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினார். பிறகு தராசையும் எடைக்கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தார். அளந்தாகிவிட்டது, இனிமேல் இரும்பு பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லைங்க அத்தா என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. கல்லுகிட்ட இரும்பு ஆகாதுன்னு அவ சொல்லியிருக்கறா."

இப்போது பருப்பு நிறுக்கக்கூட ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு நடக்கிறார். எனக்குத் தாங்கவில்லை அக்கா.

இதை முடித்ததும் தபாலாபீசுக்குப் போகிறேன். கட்டுரையின் முதல் பக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் துறை இல்லை, செம்மநத்தம் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன். எங்கே தப்பு என்று காட்டினால் திருத்துவேன். கேள்வி கேட்டால் நானே எழுந்து நின்று உனக்காகப் பதில் சொல்வேன். உன் பெயரை எடு என்றால் மட்டும் எடுக்க மாட்டேன். நீ முதலில், நான் உன் பின்னால். பள்ளத்தில் இறங்கும்போது நாம் போனது அப்படித்தானே?

உன் கல்லைச் சுமந்து மலையேறி வந்த தங்கச்சி,
பழனியம்மா