மெஷின் நின்ற பிறகு ஒரு நிமிடம்

உன் இதயத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவர்கள் உன் முந்தானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், அக்கா.

இன்று வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் என் நெஞ்சில் ஜெல் பூசினார்கள். அந்தச் சில்லிப்பு பட்டதும் உன் ஞாபகம். சட்டையைக் கழற்றிப் படுக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. பாஸ் என்றார்கள். அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

முட்டம் கடற்கரையில் மீன் எடுத்து, சருவப் பாத்திரத்தைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்றவள் நீ. மேடு ஏறும்போது நெஞ்சு இறுக்கியது. வாயு என்று சுக்குத்தண்ணி குடித்தாய். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் எதுவும் தெரியவில்லை. வேகமாக நடக்கவைத்து உடனே இதயத்தை ஸ்கேன் செய்தால்தான் ரத்தம் குறைகிற இடம் தெரியும் என்றார் டாக்டர். நாகர்கோவிலுக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"நடக்கியதுக்கு இவ்வளவு தூரம் பஸ்ஸாலே? நடந்தே வந்திருப்பேனே," என்று சிரித்தாய்.

ஒயர்களை ஒட்டிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். அவர்கள் தந்த கவுனுக்கு மேல் சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு நடக்கிற மெஷினில் ஏறினாய். உள்ளே இரண்டு ஆண்கள். நான் கதவுக்கு வெளியே.

மெஷின் நின்றது. "படும்மா, சீக்கிரம் படு!"

படபடப்பு அடங்குமுன், ஒரு நிமிடத்துக்குள் படம் எடுக்க வேண்டுமாம். அதை யாரும் உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"சேலைய விடும் ஓய்! அந்தப் பிள்ளய வரச்சொல்லும்!"

உள்ளேயிருந்து உன் குரல் கேட்டு நர்ஸைத் தேடி ஓடினேன். அவள் வந்து நீ படுத்தபோது உன் மூச்சு சாதாரணமாகியிருந்தது.

குறை தெரியவில்லை, படம் தாமதம், மறுபடி செய்ய வேண்டும் என்று ரிப்போர்ட்.

பஸ்ஸில் சொன்னாய்: "அவனுவ முன்னால இனி ஒருதடவ கெடக்க மாட்டேன், கேட்டியா மக்கா. நீயும் நிர்பந்திக்காத."

நான் நிர்ப்பந்திக்கவில்லை. "குறை தெரியலன்னுதான போட்டிருக்கு," என்றேன். உன்னைத் தேற்றுவதற்காக மட்டும் அல்ல. இன்னொரு நாள் லீவு கேட்க எனக்குச் சோம்பல். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீ போன பிறகு நான் சுமப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இரண்டு மாதத்தில் மேட்டிலேயே விழுந்தாய். சருவம் உருண்டு, மீன் ரோட்டில் சிதறிக் கிடந்ததாம். "ஆண்டவரு கூப்பிட்டுக்கிட்டாரு," என்றார்கள் கோயில் முற்றத்தில். ஆண்டவருக்கு என்ன அவசரம்? அவசரப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

மெடிக்கல் முடிந்து நேராக அந்த ஸ்கேன் சென்டருக்குப் போனேன். பெஞ்சில் உன் வயதில் ஒருத்தி, கவுனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு ஸ்கேன்?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"எனக்க அக்காவுக்கு எடுத்தீங்க. செத்துட்டா. இந்த அக்காவுக்காவது ஒரு பொம்பளைய உள்ள நிக்க வையுங்க. மெஷின் நின்னதும் என்ன செய்யணும்னு இப்பமே சொல்லிக்கொடுங்க."

அவர் எனக்குப் பின்னால் பார்த்து அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"சொல்லுங்க. உள்ள யாரு நிப்பா?"